மிளகுப் புள்ளி விழுந்த புழுக்கள்

சுவரில் தொங்கிய தெர்மாமீட்டரை மூன்று முறை பார்த்தேன். இருபதுக்குச் சற்றுக் கீழே நின்றது. முதல் முறையிலேயே தெரிந்துவிட்டது. திரும்பினால் பச்சையம்மாளின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்றுதான் மற்ற இரண்டு முறையும் பார்த்தேன்.

கார்த்திகை தீபம் முடிந்த வாரம். மூன்று நாளாக விடாத தூறல். கீழ்பென்னாத்தூரில் பஸ் மாறி இறங்கி, சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து அந்த ஷெட்டுக்குப் போயிருந்தேன். உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள். தட்டு முழுக்க மல்பெரி இலை. இலை மேல் பட்டுப்புழுக்கள்.

நன்றாக இருக்கும் ஷெட்டுக்குள் நுழைந்தால், புழுக்கள் இலையைத் தின்னும் சத்தமே தூறல் போலக் கேட்கும். அன்று தூறல் சத்தம் கூரையில் மட்டும்தான் இருந்தது. புழுக்கள் இலை மேல் அசையாமல் கிடந்தன. ஒன்று விரல் நீளம் இருந்தால் பக்கத்தில் இருப்பது பாதி நீளம்கூட இல்லை. உடம்பில் மிளகைப் பொடித்துத் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள்.

"காத்தால போட்ட எலை அப்படியே கீது மேடம்," என்றாள் பச்சையம்மாள். "மோந்துகூடப் பாக்கல. இன்னா நோவு மேடம் இது?"

அது என்ன நோய் என்று எனக்குத் தெரியும். எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து, பேனா மூடியைக் கழற்றி, அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி இது.

"மருந்து யாரு கலக்கினது?"

வாசகர் கேட்ட கேள்வி

இந்தத் தொடரைப் படிக்கும் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். 'அத்தனை ஆசையாகப் போய்ச் சேர்ந்த மைக்ராஸ்கோப் வேலையை ஏன் விட்டீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லையே' என்று கேட்டிருக்கிறார். எழுதாமல் தாண்டிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டுவிட்டார்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் விலங்கியல் படித்தவள். திருவண்ணாமலையில் வீடு. கல்யாணமாகி, மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, பட்டுப்புழுக் குஞ்சு வளர்த்துக் கொடுக்கும் ஒரு தனியார் மையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

கோழிக்குஞ்சு வாங்குவது போல்தான் இதுவும். முட்டையிலிருந்து வந்த புழுவை முதல் சில நாள் காப்பாற்றுவது கஷ்டம். சூடு ஒரே மாதிரி இருக்க வேண்டும், இலை துளிராக இருக்க வேண்டும். அதனால் அந்த வேலையை எங்களைப் போன்ற மையங்கள் செய்யும். இரண்டு முறை தோல் உரித்த பிறகு புழுவை விவசாயிகளுக்கு அனுப்புவோம். அவர்கள் தங்கள் ஷெட்டில் வைத்து வளர்த்து, கூடு கட்டவைத்து விற்பார்கள்.

என் வேலை பரிசோதனை. பின்தங்கிய புழுக்களைப் பொறுக்கி எடுத்து, சிறு கல்வத்தில் அரைத்து, ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். அதோடு, ஷெட்டில் எந்த மருந்தை எப்படி அடிப்பது என்று விவசாயிகளுக்குச் சொல்லித் தரும் வேலையும் என்னுடையதுதான்.

மருந்து என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்பு, ஃபார்மலின். வீட்டுக்குத் திரும்பினால் என் மாமியார் என்னைச் சமையல்கட்டுப் பக்கமே விடமாட்டார். "ஆஸ்பத்திரி பொணவறை மாதிரி வீசுது. குளிச்சிட்டு வா," என்பார். தலைக்குக் குளித்தாலும் அந்த நெடி போகாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊரே கற்பூரமும் சாம்பிராணியுமாக மணக்கும்போது, கூட்டத்தில் நான் மட்டும் ஃபார்மலின் நெடியோடு நடந்துபோவேன்.

அரிசி மணி போல

அந்த நோயைப் பரப்புவது ஒரு ஒட்டுண்ணி. அது தன்னைச் சுற்றிக் கெட்டியான ஓடு ஒன்றைக் கட்டிக்கொண்டு வித்தாக மாறிவிடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சின்ன அரிசி மணி போல, முட்டை வடிவத்தில், பளபளவென்று மின்னும். முதன்முதலில் பார்த்தபோது 'எவ்வளவு அழகு' என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

அந்த ஓட்டுக்குள் இருக்கும்வரை அதற்குச் சாவு சுலபத்தில் வராது. இருட்டு மூலையில், தரை விரிசலில், காய்ந்த புழுக்கழிவுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும். வருஷம் தாண்டியும் உயிரோடு இருக்கும். குளிர் அதை ஒன்றும் செய்யாது. நாம் காய்கறியைக் கெடாமல் வைக்கிற குளிர்ச்சியில் அதுவும் கெடாமல் இருக்கும்.

சூடு வேறு கதை. கொதிக்கிற தண்ணீரில் சில நிமிஷம் தாங்காது. தட்டுகளைச் சித்திரை வெயிலில் முழுப் பகலும் காயப்போட்டால் போதும், பெரும்பாலும் செத்துவிடும். தட்டை வெயிலில் போடலாம், புழுக்கள் மேல் விரிக்கும் வலையை வெந்நீரில் போடலாம். ஷெட்டை எதில் போடுவது? அதற்காகத்தான் மருந்து.

மருந்துக்கும் சில குணங்கள் உண்டு. பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பிரித்துவிட்டால் வீரியம் நாளுக்கு நாள் இறங்கும். ஈரம் பட்டால் இன்னும் வேகமாக இறங்கும். தரையில் புழுக்கழிவு இருந்தால், மருந்து முழுக்க அந்த அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும், வித்து தப்பித்துக்கொள்ளும். ஃபார்மலின் ஆவியாகிப் பரவினால்தான் வேலை செய்யும். அதற்கு அறை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். குளிர்ந்த அறையில் அடித்தால் வீண். அதனால் மழைக்காலத்தில் முதலில் கரி அடுப்பு வைத்து ஷெட்டைச் சூடாக்கிவிட்டு அடியுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போவேன்.

இதையெல்லாம் ஒரு எழுத்து பிசகாமல் கேட்டு, அப்படியே செய்த ஒரே வீடு பச்சையம்மாள் வீடு.

சரியாகச் சொன்னால் இரண்டு வீடு. பச்சையம்மாளும் ராணியும் ஓரகத்திகள். அண்ணன் மனைவி பச்சையம்மாள், தம்பி மனைவி ராணி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே வாசல். ஷெட் பொது, மல்பெரித் தோட்டம் பொது. அண்ணன் பெங்களூரில் கட்டட வேலை, தம்பி ஊரிலேயே ஆட்டோ ஓட்டினான். புழு வேலை முழுக்க இந்த இருவர் கையில்தான். பச்சையம்மாளுக்கு மருந்து நெடி பட்டால் மூச்சு வாங்கும். கலக்குவதும் அடிப்பதும் ராணி. இலை வெட்டுவது பச்சையம்மாள்.

அவர்கள் ஷெட்டுக்குள் நுழையும் முன் கால் கழுவ ஒரு தொட்டி இருக்கும். ஒருமுறை நானே மறந்துபோய்த் தாண்டி நுழைந்துவிட்டேன். "மேடம், கால்!" என்று அதட்டினாள் ராணி. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வண்டி கிளம்பிய காலை

தீபத்துக்கு முந்தைய வாரம் ஒரு மாலை. அடுத்த நாள் விடிந்ததும் புழு அனுப்ப வேண்டும். கடைசிப் பரிசோதனை. ஒரு வரிசைத் தட்டுகளிலிருந்து எடுத்த புழுக்களை அரைத்துப் பார்த்தேன். அரிசி மணிகள் மின்னின.

தகட்டைக் கழுவி இன்னொரு துளி வைத்தேன். அதிலும் இருந்தன. மற்ற வரிசைகளில் எடுத்துப் பார்த்தேன். அவற்றில் இல்லை. ஒரே வரிசைதான். அந்த வரிசையின் முட்டைகள் வெளியிலிருந்து வாங்கும்போதே நோயோடு வந்திருக்கின்றன. தாய்ப்பூச்சிக்கு இருந்தால் முட்டைக்குள்ளும் வந்துவிடும். முட்டைக்குள் இருப்பதை எந்த மருந்தும் எந்த வெயிலும் தொட முடியாது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. அந்த வரிசையை எரிக்க வேண்டும். மற்ற வரிசைகளையும் நிறுத்திவைத்து, மையத்தையே மூடிக் கழுவ வேண்டும். முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"எத்தனை தெரியுது?" என்றார்.

"ஒரு பார்வைக்கு ரெண்டு மூணு சார்."

"ரெண்டு மூணா? தூசியா இருக்கும். லென்ஸ தொடச்சிட்டுப் பாரு சரளா."

"தொடச்சிட்டுதான் சார் பாத்தேன். வித்துதான்."

 மோசமான மனிதர் என்று அவரை எழுதிவிட்டால் எனக்குச் சௌகரியம். அப்படி இல்லை. என் மகனுக்கு டெங்கு வந்தபோது காரை அனுப்பிவைத்தவர்.

"நாளைக்கு எத்தனை வீட்டுல எலை வெட்டி வச்சினு ஒக்காந்துனு இருக்காங்க தெரியுமா? இன்னைக்கு நிறுத்தினா அவங்க தோட்டத்துல மிச்ச எலை முத்திப் போவும். நம்ம பேரும் போவும். அதுக்கப்புறம் எவன் நம்மகிட்ட வருவான்? உனக்கும் எனக்கும் வேற வேல இன்னா இருக்கு?"

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"அந்த ஒரு வரிசைய நல்லா சுத்தமா வளக்கறவங்களுக்குக் குடுத்துடு. சுத்தமான எடத்துல போனா தாங்கிக்கும். யாரு இருக்கா அப்படி?"

யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். எந்தத் தட்டு எந்த ஊருக்கு என்று நோட்டில் எழுதுபவள் நான். தாங்கும் என்று நான் ஒரு விநாடிகூட நம்பவில்லை. இருந்தாலும் பச்சையம்மாள் என்று எழுதினேன். அந்த நோட்டில் என் கையெழுத்து எப்போதும் போல ஒழுங்காகத்தான் விழுந்திருந்தது.

விடியற்காலையில் வண்டி கிளம்பியது. அன்று நல்ல வெயில்.

எழுதியது அத்தனையும் உண்மை

இப்போது அந்த ஷெட்டுக்குத் திரும்புகிறேன். தூறல், தெர்மாமீட்டர், என் கையில் படிவம்.

"மருந்து யாரு கலக்கினது?"

"ராணிதான் மேடம். எப்பவும் அவதான."

ராணி ஷெட்டின் வாசலில் நின்றாள். சுண்ணாம்பு பட்டு வெளிறிய விரல்களைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "நீங்க சொன்ன அளவுதான் மேடம் போட்டேன்," என்றாள். "படியில அளந்து போட்டேன். ரெண்டு வாட்டி அடிச்சேன்."

"பிளீச்சிங் மூட்டை எப்ப பிரிச்சீங்க?"

"பத்து பன்னெண்டு நாள் ஆவுது."

மூட்டை மூலையில் இருந்தது. வாயை மடித்துச் சணலால் கட்டியிருந்தாள். தொட்டுப் பார்த்தேன். அடியில் ஈரம் ஏறியிருந்தது.

எழுதினேன். பிளீச்சிங் பவுடர் மூட்டை பிரித்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது, ஈரம் ஏறியுள்ளது. அறை வெப்பநிலை இருபதுக்குக் கீழ் உள்ளது, ஃபார்மலின் இந்த வெப்பநிலையில் முழுப் பலன் தராது. மருந்து கலந்தவரிடம் பயிற்சிச் சான்றிதழ் இல்லை. கிருமிநீக்கம் போதாமையால் நோய் ஏற்பட்டிருக்க வாய்ப்புள்ளது.

ஒவ்வொரு வரியும் உண்மை. இன்றைக்கும் யார் வந்து கேட்டாலும் வரிக்கு வரி நிரூபிப்பேன்.

ஆனால் ராணி மருந்து அடித்தது அந்த மூட்டையைப் பிரித்த அன்றைக்கே. அன்று அது புது மூட்டை. அவள் ஃபார்மலின் அடித்த நாளில் மழை இல்லை, வெயில் சுள்ளென்று அடித்தது. ஷெட் அனலாக இருந்திருக்கும். மழை பிறகு வந்தது, குளிர் பிறகு வந்தது, மூட்டையில் ஈரம் பிறகு ஏறியது. பின்னால் வந்த எல்லாவற்றையும் முன்னால் நடந்தது போல அடுக்கிவைத்தேன். பொய் சொல்லாமலே பொய் சொல்ல அதுதான் வழி.

இன்னொன்றும் இருக்கிறது. ஷெட்டில் கிடந்த வித்தைத் தின்று நோய் வந்திருந்தால், புழு பெரிதாகி, கூடு கட்டும் நேரத்தில்தான் தெரிய ஆரம்பிக்கும். வந்த ஒரே வாரத்தில் இப்படிக் கொத்துக் கொத்தாகச் சாகிறது என்றால், அது வரும்போதே கொண்டுவந்தது. எந்தப் புத்தகத்திலும் முதல் பக்கத்திலேயே இருக்கும் விஷயம். அவர்களிடம் புத்தகம் இல்லை. அவர்களுக்கு இருந்த புத்தகம் நான்தான்.

"அப்ப எங்க தப்புதானா மேடம்?" என்று கேட்டாள் பச்சையம்மாள். கேட்டது என்னிடம். பார்த்தது ராணியை.

"இருக்கலாம்," என்றேன்.

புழுக்களை எரிக்கச் சொன்னேன். நோய்ப் புழுவை வைத்திருக்கக் கூடாது, அது சரியான ஆலோசனைதான். தோட்டத்து மூலையில் குழி வெட்டி, உலர்ந்த மல்பெரிக் குச்சிகளைப் போட்டு, தட்டுத் தட்டாகக் கொட்டினார்கள். ஈரத்தில் நெருப்பு பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். சில புழுக்கள் அப்போதும் தலையைத் தூக்கிப் பார்த்தன. ராணி மட்டும், "அளந்துதான போட்டேன், அளந்துதான போட்டேன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் குளிக்கச் சொன்னார். குளித்தேன். சாப்பிட்டேன். தூக்கமும் வந்தது. இதை எழுதித்தான் ஆக வேண்டும். அன்று எனக்கு நன்றாகவே தூக்கம் வந்தது.

அந்த வேலையில் அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தேன். மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தால் தலைவலி வர ஆரம்பித்தது. கண்ணாடி மாற்றினேன், போகவில்லை. உடம்பு முடியவில்லை என்று சொல்லி நின்றுவிட்டேன். கடிதம் எழுதியவருக்கு இதுதான் பதில்.

பஸ் ஸ்டாண்டில்

பத்து வருஷம் ஓடிவிட்டது. போன வருஷம் ஒரு மத்தியானம். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் வேலூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பின்னாலிருந்து, "மேடம்!" என்று ஒரு குரல்.

பச்சையம்மாள். முடி பாதி நரைத்திருந்தது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். எனக்கு உட்காரக்கூட இடம் பிடித்துக் கொடுத்தாள்.

"மறுபடி புழு போடலாம்னு கீறேன் மேடம். பையன் ஷெட்டுக்குப் புதுசா கூரை போட்டுட்டான். இந்த வாட்டி மருந்த நானே கலக்குவேன். மூச்சு வாங்கினா வாங்கட்டும். நீங்க அன்னைக்கு எழுதிக் குடுத்தீங்களே, அதுல போட்ட தப்பு எதுவும் செய்யமாட்டேன்."

"ராணி எப்படி இருக்காங்க?" என்றேன்.

பிடித்திருந்த கையை விட்டாள்.

"அவ இல்ல மேடம் இப்ப. டவுனுக்கே வந்துட்டாங்க. அப்பவே பாகம் பிரிச்சாச்சு. நடுவுல சுவரும் எழுப்பியாச்சு. பேச்சு வார்த்தை கெடையாது."

என் பஸ் வந்தது. நான் ஏறவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவளுடைய பஸ்ஸும் வந்துவிட்டது. "வரேன் மேடம்!" என்று ஓடினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை. தப்பித்த சந்தோஷம். அடுத்த பஸ் வருவதற்குள் அது கசந்துவிட்டது.

ஐந்தாவது நாள் கீழ்பென்னாத்தூருக்குப் போனேன்.

சுவர் நிஜமாகவே இருந்தது. ஆள் உயரம். அந்தப் பக்கம் வீடு பூட்டிக் கிடந்தது. பச்சையம்மாள் வெயிலில் வேர்க்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நின்றபடியே சொன்னேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்ததை, முதலாளி சொன்னதை, நோட்டில் அவள் பெயரை எழுதியதை. ஏன் அவள் பெயர் என்பதையும் சொன்னேன்.

கடலையைத் துழாவிக்கொண்டிருந்த கை நின்றது.

"சுத்தமா வச்சிருந்தோம்னா குடுத்தீங்க?"

"ஆமா."

"அப்ப ராணி கலக்கினது?"

"சரியாத்தான் கலக்கியிருந்தாங்க. ஒரு குறையும் இல்ல."

என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் அவள இன்னா கேட்டேன் தெரியுமா மேடம்? எரிச்ச அன்னைக்கே கேட்டேன். ஒன் கை பட்டது எது வெளங்கிச்சின்னு கேட்டேன். அவளுக்குக் கொழந்தை இல்ல. உங்களுக்குத் தெரியுமில்ல?"

தெரியும் என்று தலையசைத்தேன்.

"அதத்தான் கேட்டேன். அவளுக்கும் புரிஞ்சிச்சி, எதக் கேட்டேன்னு."

கடலையை மறுபடி துழாவிக்கொண்டே, "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? அவகிட்டப் போய்ச் சொல்லுங்க. செங்கம் ரோட்டுல, ஆசிரமம் தாண்டி, ஒரு ஓட்டல்ல இருக்காளாம்," என்றாள். போகும்போது எழுந்து வரவில்லை.

செங்கம் ரோட்டில்

ஆசிரமப் பகுதியில் தெருவுக்கு நாலு சாப்பாட்டுக் கடை. மூன்றாவது கடையில் கண்டுபிடித்தேன். முன்னால் மூங்கில் நாற்காலியில் வெளிநாட்டுக்காரர்கள் பழச்சாறு குடித்துக்கொண்டிருந்தார்கள். பின்கட்டில் ராணி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது முறை சொல்லும்போது வார்த்தைகள் சுலபமாக வந்தன. அது எனக்கே அசிங்கமாக இருந்தது.

அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும் மேடம்," என்றாள்.

"எப்படித் தெரியும்? யார் சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? நான்தான கலக்கினேன்."

நறுக்கியதைப் பாத்திரத்தில் தள்ளிவிட்டு அடுத்த கைப்பிடி பீன்ஸை எடுத்தாள்.

"அளந்து போட்டவளுக்குத் தெரியாதா அளந்து போட்டது? அத ஒத்துக்கத்தான் ஆள் இல்ல. நீங்க படிச்சவங்க, தாள்ல எழுதிட்டீங்க. நான் எட்டாவது. அக்கா தாள நம்பிச்சி. அதக்கூட நான் தப்புன்னு சொல்லமாட்டேன்."

முன்னாலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "ராணிம்மா, அந்தக் குருமாவுல காரம் கம்மி பண்ணச் சொன்னேனே," என்றார். "கம்மிதாண்ணா போட்டிருக்கேன்," என்று குரல் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உங்க மேல எனக்கு ஒன்னும் இல்ல மேடம். உங்க பொழப்ப நீங்க பாத்தீங்க. ஆனா அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்டுச்சி. அது உங்க தாள்ல இல்ல. அத நீங்க எழுதல. அதுக்கு நீங்க வந்து மன்னிப்பு கேக்க முடியாது."

மன்னிப்பு என்ற வார்த்தையை நான் இன்னும் சொல்லியே இருக்கவில்லை. சொல்ல வந்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அக்காதான் அனுப்பிச்சா?"

"ஆமா."

"ஏன், அவளுக்குக் கால் இல்லியா?"

பீன்ஸை அள்ளிக் கழுவ எழுந்தாள். நானும் எழுந்து வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் பச்சையம்மாளுக்குப் போன் செய்து, ராணி சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். கடைசிக் கேள்வியையும் சொன்னேன்.  "சரி மேடம்," என்று வைத்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"போயிருந்தேன் மேடம்."

"என்ன சொன்னாங்க?"

"முன்னாடி நாற்காலியில போய் ஒக்காந்தேன். உள்ள போவ தைரியம் வரல. அவளே வந்தா. 'வாங்க, இன்னா சாப்புடறீங்க'ன்னு கேட்டா."

"மரியாதையாத்தானே கேட்டிருக்காங்க," என்றேன். என் புத்தி அவ்வளவுதான்.

"மரியாதைதான் மேடம். கல்யாணமாயி வந்த நாளா என்னை 'அக்கா, வா, போ'ன்னுதான் கூப்புடுவா. ஒரே தட்டுல சாப்புட்டிருக்கோம். 'வாங்க'ன்றா மேடம் என்னை. கடைக்கு வந்தவங்கள சொல்ற மாதிரி."

அவள் மூச்சு வாங்குவது போனில் கேட்டது.

"டீ போதும்னேன். கொண்டாந்து வச்சா. குடிச்சிட்டு வந்துட்டேன்."